முந்திச் சொன்ன நன்றி

சென்ற வாரம் குளியலறை வாசலில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நாம் விட்டுவந்த யூஜின், சிலர் பதறியதுபோல ஏழு நாளும் அங்கேயே நிற்கவில்லை. பதினொரு நிமிடம்தான் நின்றான். அவனைக் கேட்டால் ஏழு நாள் என்றுதான் சொல்வான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவன் மனைவி பிரிஜெட் ஒரு தோளையும், மகள் சோஃபியா மறு தோளையும் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். குளியலறையிலிருந்து கட்டிலுக்கு ஒன்பது அடி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூஜினுக்கு நாற்பத்தாறு வயது, லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். விழுந்தது இரண்டு மாடி உயரம். பெங்களூர் விவேக் நகரில் பேசிப் பேசி இப்போது அது ஒன்பது மாடி ஆகியிருக்கிறது. அடுத்த ஈஸ்டருக்குள் விமானத்திலிருந்து விழுந்தான் என்று ஆகிவிடும். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கிப்போனது. இரண்டு கம்பியும் எட்டு ஸ்க்ரூவும் போட்டு அவனை நிமிர்த்தினார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, அரை மணிக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும், காலி செய்யச் சொன்னால் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிற குடித்தனக்காரன் மாதிரி, அங்கேயே இருக்கிறது.

கம்பெனி அவனைப் புகார் போன் எடுக்கிற மேஜையில் உட்காரவைத்தது. இப்போது புகாரெல்லாம் ஆப்பில் வருகிறது; மேஜையை எடுக்கப்போகிறார்கள். இன்று, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பெனி டாக்டரும் மேனேஜர் பத்ரிநாத்தும் அவனைப் பார்த்து இரண்டில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். இலகு வேலைக் காகிதம் என்றால், புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிற வேலை நிரந்தரம். தகுதிக் காகிதம் என்றால், திங்கட்கிழமை மறுபடி ஏணி, மறுபடி குழி.

"டாடி, எத்தனாவது மாடி?" என்று கேட்டாள் சோஃபியா.

அந்த வீட்டில் வலிக்கு மாடிக் கணக்கு. கீழ்த்தளம் என்றால் தாங்கலாம். பத்தாவது மாடி என்றால் ஆஸ்பத்திரி.

"ரெண்டு."

"மம்மி, அஞ்சு!" என்று சோஃபியா சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். அவன் சொல்வதோடு மூன்றைக் கூட்டிக்கொள்வது வீட்டு வழக்கம்.

பிரிஜெட் வெந்நீர்ப் பையோடு வந்தாள். நர்சரி பள்ளி டீச்சர். எதையும் இரண்டு தடவை சொல்லித்தான் பழக்கம். "எழுந்திருக்கும்போது கட்டை மாதிரி உருண்டு எழுந்திருங்க. கட்டை மாதிரி. பட்டுனு எழுந்து நிக்காதீங்க."

"மூணு வருஷமா கட்டை மாதிரிதான் இருக்கேன் பிரிஜி. நீ கோயிலுக்குக் கெளம்பு, ஏழரை பூசைக்கு லேட்டாயிடும்."

"மூணு மணிக்கு நல்லபடியா முடிஞ்சிடும். பாருங்க, நல்லபடியா முடிஞ்சிடும்."

அதை அவள் சொன்ன விதத்தில் ஏதோ ஓர் அதிகப்படியான நிச்சயம் இருந்தது. பரீட்சைத் தாளை முதல்நாளே பார்த்துவிட்ட பிள்ளையின் நிச்சயம்.

வியாழக்கிழமை என்றால் குழந்தை யேசு கோயிலில் நவநாள். அன்று காலை அந்தத் தெருவில் ஓர் ஊசியைப் போட்டால் அது தரையைத் தொடச் சனிக்கிழமை ஆகும். மெழுகுவர்த்தி, மல்லிகை, ஆட்டோ ஹாரன், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். பூசைக்குப் பிறகு விசுவாசிகள் பெட்டியில் போட்ட கடிதங்களில் சிலவற்றை மைக்கில் வாசிப்பார்கள். சில கடிதங்கள் வேண்டுதல்கள். சில நன்றிகள்.

பிரிஜெட் மூன்று வருடமாகப் போட்டதெல்லாம் வேண்டுதல். நூற்றைம்பது வியாழன் கேட்டாயிற்று. போன மாதம் மர்பி டவுனிலிருந்து வந்த அவள் பெரியம்மா பிரிஸில்லா காதில் ஓதிவிட்டுப் போனாள்: "கேட்டுக்கிட்டே இருந்தா அவருக்கும் பேஜாராயிடும்டி. நீ முந்திக்க. குணமாயிடுச்சுன்னு நன்றி சொல்லிடு. நன்றிய வாங்கி வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யாம இருக்க முடியுமா அவரால? எங்க பையன் டிரேவருக்குக் கல்யாணம் அப்படித்தான் ஆச்சு. பேரு, வேல எல்லாம் சரியா எழுது. ஆஸ்டின் டவுன்லயும் ஒரு யூஜின் இருக்கான். அவன் முதுகு நல்லா ஆயி என்ன பிரயோஜனம்?"

பிரிஜெட் அப்படியே எழுதிப் பெட்டியில் போட்டாள். வாசிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆயிரம் கடிதத்தில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். அந்த ஒன்று இன்று அவளுடையதாக இருந்தது.

"லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக வேலை செய்யும் என் கணவர் யூஜின், முதுகெலும்பு முறிந்து மூன்று ஆண்டுகள் துன்புற்று, இப்போது பூரண சுகம் பெற்றதற்காகக் குழந்தை யேசுவுக்குக் கோடி நன்றி. பிரிஜெட், விவேக் நகர்."

கூட்டம் ஒரே மூச்சாக "ஆமென்" என்றது. பிரிஜெட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலே சாட்சி சொல்லிவிட்டது, இனி எப்படி நடக்காமல் போகும்? அந்த ஆனந்தம் சரியாக நாற்பது விநாடி நீடித்தது.

வாசலுக்கு வந்தால், மெழுகுவர்த்தி ஸ்டாண்டு பக்கத்தில் நெற்றியில் திருநீறும் கையில் ஹெல்மெட்டுமாக இராஜமாணிக்கம் நின்றான். யூஜினின் கம்பெனிக்காரன், பத்து வருடம் அவனுக்கு உதவியாளாக இருந்து இப்போது மெக்கானிக் ஆனவன். அன்று குழிக்குள் இறங்கி யூஜினை வெளியே எடுத்ததும் அவன்தான். ஒவ்வொரு வியாழனும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்திகள் அணையாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"அண்ணி! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே அண்ணி! பூரண சுகம்னு மைக்ல கேட்டதும் எனக்குக் கை கால் ஓடல!"

"மாணிக்கம், அது வந்து..."

"எங்கம்மாவுக்கு அனுப்ப வாராவாரம் நவநாள ரெக்கார்டு பண்ணுவேன் அண்ணி. இன்னிக்கு நல்ல நேரம், அண்ணன் பேரு அதுல விழுந்துடுச்சு. கம்பெனி குரூப்ல போட்டுட்டேன்!"

"எதுல போட்ட?"

"குரூப்ல! ஹெட் ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் இருக்காங்க. பத்ரிநாத் சார் கைகூப்பு படத்தோட உடனே பதில் போட்டுட்டாரு. நான் போய் மைசூர்பாக் வாங்கறேன் அண்ணி!"

அவன் பைக்கை உதைத்துக் கிளம்பினான். பிரிஜெட் அவன் பின்னால் ஓடினாள். முக்காடு ஒரு கையில், செருப்பு ஒரு காலில். "மாணிக்கம்! நில்லுடா!" ஐயாயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவன் ஒருவன்தான் பார்க்கவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவருக்குக் குணமாகவில்லை என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை அவள் மூன்று வருடமாக வாயால் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டால் "இப்ப பரவால்ல", பள்ளியில் கேட்டால் "தேவலாம்", போனில் கேட்டால் "நல்லா இருக்காரு". சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம்.

அவள் சோஃபியாவைப் போனில் கூப்பிட்டாள்.

"டாடி போன எடுத்து ஒளிச்சு வை."

"எதுக்கு மம்மி?"

"ஒரு சின்ன தப்பு நடந்துடுச்சு."

"சின்னதுன்னா?"

"மைக்ல சொல்ற அளவுக்கு."

சோஃபியா போனை எடுத்துப் பார்த்தாள். அறுபத்திரண்டு செய்திகள். ரோஜாப்பூ, கைகூப்பு, கேக், பறக்கும் புறா. தும்கூர் கிளையிலிருந்து யாரோ கன்னடத்தில் கவிதையே எழுதியிருந்தார்கள். கடைசியாக ஹெட் ஆபீஸிலிருந்து ஒரே வரி: சந்தோஷம், திங்கட்கிழமை எந்த சைட்?

அவள் போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். அதற்குள்ளும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

இரண்டேகால் மணிக்கு ஆட்டோ வந்தது. பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு பிரிஜெட்டே கூட ஏறிக்கொண்டாள். யூஜின் இடுப்பு பெல்ட்டை இறுக்கி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்தான். முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வேகத்தடையில் மெதுவாகப் போங்கள் என்று ஆட்டோக்காரரிடம் அவள் கன்னடத்தில் கெஞ்சினாள்: "அண்ணா, ஹம்ப் பந்த்ரெ நிதானா. பென்னிகே ஆபரேஷன் ஆகிதே."

"ஆயித்து மேடம், ஹூவின தரா கர்க்கொண்டு ஹோக்தினி," என்றார் அவர். பூ மாதிரி கொண்டுபோகிறாராம். விவேக் நகரிலிருந்து டொம்லூருக்கு நான்கைந்து கிலோமீட்டர். அதில் வேகத்தடைகள் முந்நூறு. பூவாக இருந்தால் தெருமுனையிலேயே உதிர்ந்திருக்கும்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

டம். யூஜின் கண்ணை மூடினான்.

"கோவப்படக் கூடாது."

டம். அவன் உதட்டைக் கடித்தான்.

"நான் குழந்தை யேசுவுக்கு ஒரு நன்றிக் கடிதாசி..."

டம்.

ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ நின்ற இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பெரியம்மா, பெட்டி, மைக், மாணிக்கம், குரூப், ஹெட் ஆபீஸ். யூஜின் அசையவில்லை. பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள்.

"சிரிக்க வெக்காத பிரிஜி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "சிரிச்சா முதுகுல ஆணி இறங்கற மாதிரி இருக்கு. அட்வான்ஸா நன்றியா! அதுல பேரு வேறயா!"

"பெரியம்மாதான் விலாசம் சரியா இருக்கணும்னு..."

அவன் சிரித்தான், முனகினான், மறுபடி சிரித்தான். சிக்னல் விழுந்தது. சிரிப்பு நின்றதும் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"வலிக்குதுன்னு அங்க சொன்னா உன்னப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. கோயில்ல பொய் சொன்னவன்னு தெருவே பேசும்."

"பேசட்டும்."

"அடுத்த வியாழன் நீ அங்க எப்படிப் போய் நிப்ப?"

அவள் அவன் இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்தாள்.

"விடு. நான் பாத்துக்கறேன்," என்றான் யூஜின்.

அதைக் கேட்டதும்தான் பிரிஜெட் நிஜமாகவே பயந்தாள். இருபது வருடக் கல்யாணத்தில் அவன் "நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

கம்பெனி மூன்றாவது மாடியில். லிஃப்ட் கம்பெனியின் லிஃப்ட் அன்று ஓடியது; அந்தக் கட்டடத்தில் புதுமை என்று சொன்னால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கதவு திறந்ததும் கைதட்டல். நாற்பது பேர். நடுவில் மைசூர்பாக் டப்பாவோடு இராஜமாணிக்கம். தகுதிக் காகிதத்தை வரவேற்க அந்தக் காகிதத்துக்கே மாலை போட்டிருப்பார்கள். மாலைக்குத்தான் நேரம் இல்லை.

யூஜின் நிமிர்ந்து நடந்தான். பட்டாளத்துக்காரன் மாதிரி. அவன் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்ததைப் பின்னால் வந்த பிரிஜெட் மட்டும் பார்த்தாள்.

"பன்னி, பன்னி யூஜின்!" என்று கன்னடத்தில் வரவேற்று, பத்ரிநாத் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மனிதர் கெட்டவரல்ல. அவர் பொறுப்பில் இருநூறு லிஃப்ட், மெக்கானிக் ஒன்பது பேர். அந்த வாரம் மட்டும் பதினோரு லிஃப்ட் நடுமாடியில் நின்றிருந்தது. அதில் ஒன்றில் அவருடைய மாமனார் இருந்தார். "ரொம்ப குஷி ஆச்சு. கேட்டீங்களா டாக்டர், ஆடியோ? நான் திருப்பிப் போடறேன்."

"ஆடியோ வேண்டாம் சார். ஆள் போதும்," என்றார் டாக்டர் தீபிகா. சேலத்துக்காரர், இளவயது, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "உக்காருங்க யூஜின்."

"நின்னுக்கறேன் மேடம்."

"வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம்."

"தூக்கம்?"

"பரவால்ல."

"காலைல எழுந்திருக்கறது?"

"பரவால்ல மேடம். தேவலாம்."

பிரிஜெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவை அவளுடைய வார்த்தைகள். தெருவுக்கும் பள்ளிக்கும் போனுக்கும் அவள் மூன்று வருடமாகச் சொல்லிவந்தவை. அவளைக் காப்பாற்ற அவற்றையே எடுத்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைக்கிறான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். பத்ரிநாத் பார்த்தது மூலையில் இருந்த டூல் பையை.

"டாக்டருக்கு டவுட்டா? யூஜின், அந்தப் பைய ஸ்வல்ப இப்படி எடுத்து வைங்க. பாக்கட்டும்."

"சார், அதெல்லாம் வேண்டாம்," என்று டாக்டர் சொல்வதற்குள் யூஜின் திரும்பிவிட்டான்.

பதினாறு கிலோ பை. அதில் இருந்த ஸ்பானர்களைக் கொண்டு பாதிப் பெங்களூரைக் கழற்றி மறுபடி பூட்டிவிடலாம். யூஜின் முழங்காலை மடக்கி மெல்லத் தாழ்ந்தான். கை பையின் வாரைத் தொட்டது. கதவோரம் எட்டிப் பார்த்தவர்கள் மூச்சை அடக்கினார்கள். அவன் கழுத்தில் ஒரு நரம்பு கயிறு மாதிரி எழும்பியது.

"தொடாதீங்க!"

கீழே டீக்கடையில் ஒருவர் டீயைக் கொட்டிவிட்டாராம். பிரிஜெட் பாய்ந்து பையின்மேல் உட்கார்ந்தேவிட்டாள். நர்சரி டீச்சர், புதுப் புடவை, காலை அகட்டி டூல் பையின்மேல்.

"நான்தான் சார் எழுதினேன். அவருக்குத் தெரியாது. அவரு... அவருக்கு..." யூஜின் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்: "அவருக்குக் குணமாகல."

கதவோரம் இராஜமாணிக்கத்தின் கையில் டப்பா சாய்ந்தது.

"அண்ணி, சாமிகிட்டயே பொய்யா?"

"பொய்யில்ல மாணிக்கம். முந்திட்டேன்."

"சாமிக்கு அட்வான்ஸ் புக்கிங்கா அண்ணி?" அவன் குரல் உடைந்தது. கோபமில்லை அது. "அன்னிக்குக் குழிலேர்ந்து தூக்கும்போது அண்ணன் போட்ட சத்தம் என் காதவிட்டுப் போகவே இல்ல. காலைலதான் போச்சு. ஒரு ஆறு மணி நேரம் போயிருந்துச்சு."

பத்ரிநாத் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஹெட் ஆபீஸ் கேட்டாச்சு. கோயில் மைக்ல மனைவி பேரோட வந்திருக்கு. இப்ப நான் இலகு வேலைன்னு ஃபைல் அனுப்பினா, என்ன ரீ இதுன்னு என்னைத்தான் கேப்பாங்க. ஒண்ணு பண்ணுங்க. அந்த நன்றி நிஜமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வெச்சுடறேன்."

வெள்ளைத் தாளும் பேனாவும் மேஜையில் வந்தன.

சொன்னது வேறு, எழுதுவது வேறு. எழுதித்தான் நன்றி கொடுத்தாள். எழுதியே அதைத் திருப்பி வாங்குவதா? குழந்தை யேசுவின் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி. பிடுங்கினால், மீதி இருக்கிறதும் போய்விட்டால்? இன்றைக்கு நடக்கிற காலும் நாளைக்கு நடக்காமல் போனால்? பிரிஜெட் பேனாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"எழுத வேணாம்," என்றான் யூஜின். "சார், திங்கக்கிழமை நான் சைட்டுக்குப் போறேன். மாணிக்கம் மேல ஏறட்டும், நான் கீழ நின்னு பாத்துக்கறேன். அவ எழுத வேணாம். மூணு வருஷம் அவள அங்க நிக்க வெச்சது அந்தக் கோயில்தான். அத அவகிட்டேர்ந்து எடுக்காதீங்க."

"கீழன்னா குழி," என்றான் இராஜமாணிக்கம் மெதுவாக.

பிரிஜெட் குனிந்து எழுத ஆரம்பித்தாள். கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்து.

"என் கணவர் யூஜினுக்கு இன்னும் குணமாகவில்லை. காலையில் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஷூவுக்கு லேஸ் கட்ட அவரால் முடியாது. இருமல் வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொள்வார். நான் கேட்டால் இரண்டு என்பார், ஐந்து இருக்கும். நான் நன்றி சொன்னது அவசரத்தில். நன்றியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் அவருக்கு இன்னும் குணமாகவில்லை. பிரிஜெட்."

பத்ரிநாத் வாங்கிப் படித்தார். நிஜமில்லை என்று அவர் கேட்ட வார்த்தை அதில் இல்லை. அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தாளை யூஜின் பக்கம் நீட்டினார்.

யூஜின் நின்றபடி படித்தான். லேஸ் வரைக்கும் வந்தபோது உதடு கோணியது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

"மேடம்," என்றான் டாக்டரிடம். "நான் கொஞ்சம் படுத்துக்கலாமா?"

"இங்கயா?" என்றார் பத்ரிநாத்.

"தரையில சார். ரெண்டே நிமிஷம்."

அந்த ஆபீஸில் மூன்று வருடமாக அவன் ஒரு தடவைகூட முனகியதில்லை. இப்போது, அத்தனை பேர் பார்க்க, மேஜைக்கும் ஃபைல் அலமாரிக்கும் நடுவில் முட்டிபோட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, கட்டை மாதிரி உருண்டு மல்லாந்தான். அவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தது இராஜமாணிக்கம். யூஜினின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான, வெட்கமில்லாத "அம்மா..."

வெளியே கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். யாரோ மைசூர்பாக் டப்பாவை மூடினார்கள்.

டாக்டர் தீபிகா ஸ்டெதஸ்கோப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க. ஒண்ணொண்ணா. பரவால்லன்னு ஒரு வார்த்த வந்தா எழுந்து போயிடுவேன்."

அவன் சொன்னான். உட்கார்ந்தால் எப்படி, நின்றால் எப்படி, ஆட்டோவில் எப்படி, மழைக்கு முன்னால் எப்படி. பிரிஜெட் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதில் பாதி அவளுக்குப் புதுச் செய்தி.

"வேற ஏதாவது?"

யூஜின் கூரையில் சுழன்ற ஃபேனைப் பார்த்தான்.

"இடது கால் கட்டைவிரல் மேடம். ரெண்டு வாரமா அது இல்ல."

"இல்லன்னா?"

"இருக்கு. இருக்கறது எனக்குத் தெரியல."

டாக்டரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கையின் வேகம் மாறியது. இரண்டு ஷூவையும் கழற்றினார், சாக்ஸை உருவினார். "விரல மேல தூக்குங்க. ரெண்டு காலும்."

வலதுகால் விரல்கள் எழுந்தன. இடதுகால் விரல்கள், கூப்பிட்டது தங்களை இல்லை என்பது மாதிரி, அப்படியே கிடந்தன.

"இன்னொரு தடவ."

கிடந்தன.

பிரிஜெட் சுவரில் சாய்ந்துகொண்டாள். பத்ரிநாத் சத்தமில்லாமல் தகுதிக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகினார். டாக்டர் எழுந்து இலகு வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். காலையிலிருந்து உயிரைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்த கையெழுத்து. அதை யாரும் பார்க்கக்கூட இல்லை.

"இந்தக் காகிதம் கெடக்கட்டும். இன்னிக்கே ஸ்கேன். நாளைக்கு இல்ல, இன்னிக்கு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். நேரா போயிடுங்க, வீட்டுக்குப் போக வேண்டாம்," என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "யூஜின், வேற எங்கயாவது மரத்துப்போகுதா? யூரின் போறதுல ஏதாவது கஷ்டம்?"

"இல்ல மேடம்," என்றான் அவன். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னான்.

இராஜமாணிக்கம் ஆட்டோ பிடிக்கப் படியில் இறங்கி ஓடினான். யூஜினும் பிரிஜெட்டும் லிஃப்டுக்குள் வந்தார்கள். கதவு மூடியது. அவர்கள் இருவர் மட்டும். அவள் அவனுடைய இடது ஷூவைக் கையில் வைத்திருந்தாள், போட்டுவிட மறந்திருந்தது.

"ரெண்டு வாரம்," என்றாள். "பக்கத்துலயே படுத்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லல."

"நீ நிம்மதியா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்த பிரிஜி. அதுல கைவெக்க மனசு வரல."

"நான் என் பொய்ய நாப்பது பேர் முன்னாடி எழுதிக் குடுத்தேன். எழுதும்போது கை எரிஞ்சுது. குடுத்தப்புறம் எரியல." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா கடைசியா கேட்டதுக்கு நீங்க இல்லன்னு சொன்னீங்க. நர்சரில முப்பது பிள்ளைங்க தினமும் என்கிட்ட அப்படித்தான் இல்லன்னு சொல்லுதுங்க. டிராயர நனைச்சுட்டு."

யூஜின் வெடுக்கென்று அவளைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் முதுகு சுண்டியது, கம்பியைப் பிடித்துக்கொண்டான். மேலே சிவப்பு எண் ஒன்றுக்கு மாறியது.

"சொல்லுங்க. இந்தக் கதவு திறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. வேற ஏதாவது இருக்கா?"

லிஃப்ட் நின்றது. வெளியே இராஜமாணிக்கம் ஆட்டோவை வாசல்படி வரை ஏற்றி நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. கதவு விலக ஆரம்பித்தது. இருபத்தைந்து வருடம் அந்தக் கதவுகளோடு பழகிய யூஜின், பார்க்காமலேயே கையை நீட்டி, மூடுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

"இருக்கு," என்றான்.